ஸ்கிம்மர் இல்லாத ரீஃப் தொட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி (ரீஃப் தொட்டி) வைக்கலாம் என்று கடைக்குப் போனால், விளக்குக்கும் பவர்ஹெட் என்னும் நீரோட்டப் பம்புக்கும் அடுத்தபடியாக, நுரை எழுப்பிக் கழிவை நீக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரை எடுத்து வைப்பார்கள். விலையைக் கேட்டதும் "இது இல்லாமல் ஓட்ட முடியாதா?" என்ற கேள்வி தானாக வந்துவிடும். கீழே உள்ள பதில்கள் 80 முதல் 150 லிட்டர் வரை உள்ள வீட்டுத் தொட்டியை மனதில் வைத்து எழுதியவை. 500 லிட்டர் தொட்டிக்கு இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்; ஏன் என்பது போகப் போகப் புரியும்.

ஸ்கிம்மர் இல்லாமல் பவளம் உயிரோடு இருக்குமா?

இருக்கும், வளரும், பிரிந்து பெருகவும் செய்யும். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் 1961-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை, நல்ல கடல்நீர், வெயில், ஒரு காற்றுக்குழாய். அவருடைய ஏற்பாடு அவ்வளவுதான். பாறைக்குள் இருக்கும் பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் மீதி வேலையைப் பார்த்துக்கொண்டன. ஸ்கிம்மரையும் உயிர்ப்பாறையையும் சேர்த்து ஓட்டும் 'பெர்லின் முறை' பரவியது அதற்குப் பிறகுதான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். லீ சின் எங்குக்குக் கடல் பக்கத்தில் இருந்தது, வேண்டியபோது புதுத் தண்ணீர் கிடைத்தது. நாம் உப்புப் பொடி கரைத்து ஓட்டுகிறோம்.

ஸ்கிம்மர் உள்ளே என்னதான் நடக்கிறது?

நுரை. கொந்தளிப்பான நாளில் கடற்கரையில் பழுப்பாக ஒதுங்கும் நுரையும் இதுவும் ஒரே சங்கதிதான். மீன் கழிவு, மிச்சத் தீனி, பவளத்தின் கோழை ஆகியவற்றிலிருந்து வரும் கரிமப் பொருட்களில் பலவற்றுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், இன்னொரு முனை விலகும். அதனால் அவை காற்றுக்குமிழியின் மேல்தோலில் போய் ஒட்டிக்கொள்கின்றன. உப்பு நீரில் குமிழிகள் சன்னமாக, எளிதில் ஒன்று சேராமல் நிற்பதால் நுரை திரண்டு மேலே ஏறி, கோப்பையில் கறுப்புச் சாறாக வழிகிறது. இந்தச் சின்ன உபகரணம் நன்னீர்த் தொட்டியில் சரியாக வேலை செய்யாததற்கும் காரணம் இதுதான்.

இதனால் கிடைக்கும் லாபம், கழிவு அழுகி அம்மோனியா ஆகும் முன்பே வெளியே போய்விடுவது. ஆனால் ஸ்கிம்மரை ஒரு மந்திரக்கோல் மாதிரிப் பேசுகிறவர்களும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்து வேதியியலாளர் கென் ஃபெல்ட்மேன் சில ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தார். தண்ணீரில் இருந்த மொத்தக் கரிமக் கார்பனில் ஏறத்தாழ 20 முதல் 35 சதவீதத்தைத்தான் அவற்றால் எடுக்க முடிந்தது. மீதி, ஸ்கிம்மர் உள்ள தொட்டியிலும், பாக்டீரியா தலையில்தான் விழுகிறது.

அப்படியானால் அதை விட்டுவிட்டால் எதை இழக்கிறோம்?

கழிவு நீக்கத்தை எல்லோரும் சொல்வார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஆக்சிஜன். ஸ்கிம்மர் நாள் முழுக்கத் தண்ணீரையும் காற்றையும் கலக்கிக்கொண்டே இருக்கும் கருவி. 27 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். கடல்நீர் சுமார் 6.5 தான். சூடு ஏற ஏற இது இன்னும் குறையும். இரவில் பவளத்துக்குள் இருக்கும் பாசியும் ஆக்சிஜனை வெளிவிடுவதை நிறுத்திவிட்டு எடுத்துக்கொள்ளத் தொடங்கும். ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் விடியற்காலை நாலைந்து மணிதான் ஆபத்தான நேரம். மீன் காலையில் மேலே வந்து வாயை வேகமாகத் திறந்து மூடினால், உடனே அம்மோனியா டெஸ்ட் கிட்டைத் தேடாமல் மேற்பரப்பு அசைகிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, தவறு செய்வதற்கான இடைவெளி. ஒரு நத்தை பாறைக்குப் பின்னால் செத்துக் கிடந்தால் ஸ்கிம்மர் உள்ள தொட்டி ஒரு நாள் தாக்குப் பிடிக்கும். இல்லாத தொட்டி அவ்வளவு பொறுமை காட்டாது.

தீனி எவ்வளவு போடலாம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஸ்கிம்மர் இல்லாத தொட்டியின் விதி தீனி டப்பாவில்தான் இருக்கிறது.

உலர் தீனி 1 கிராம் எடுத்துக்கொள்வோம். புரதம் 45 சதவீதம் என்று லேபிளில் போட்டிருக்கும். புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன், அதாவது சுமார் 72 மில்லிகிராம். அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் 320 மில்லிகிராம். 100 லிட்டர் தண்ணீரில் அது 3 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) சற்று மேல். பாஸ்பரஸ் பொதுவாக 1 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அது பாஸ்பேட்டாகும்போது சுமார் 30 மில்லிகிராம், 100 லிட்டரில் 0.3 பிபிஎம். பவளத் தொட்டிக்குப் பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் போதும் என்று சொல்கிறோம். ஒரே ஒரு கிராம் தீனி அந்த எல்லையை மூன்று மடங்கு தாண்டும் சரக்கை உள்ளே கொண்டுவருகிறது!

எல்லாமே தண்ணீரில் நிற்காது. மீன் உடம்பில் கொஞ்சம் சேரும், பவளமும் பாசியும் பாக்டீரியாவும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், பாறையும் மணலும் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் (பிறகு ஒருநாள் திருப்பித் தரும், அது வேறு தலைவலி). ஆனாலும் வந்தது வராமல் போகாது.

'ஒரு சிட்டிகை' என்பது ஆளுக்கு ஆள் மாறும். நகைக்கடைத் தராசு மாதிரி 0.01 கிராம் காட்டும் கையடக்கத் தராசு ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு வாரத்துக்கான தீனியை நிறுத்து ஒரு சின்ன டப்பியில் போட்டு வையுங்கள். அந்த டப்பி காலியானால் அந்த வாரத் தீனி முடிந்தது. வீட்டில் பிள்ளைகளும் தாத்தாவும் ஆளுக்கொரு முறை போடும் வழக்கம் இருந்தால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இரண்டு மூன்று சின்ன மீன் இருக்கும் 100 லிட்டர் தொட்டிக்கு வாரத்துக்கு 1 கிராம் என்று தொடங்கி, மீன் மெலிகிறதா, பாசி ஏறுகிறதா என்று பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம்.

உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்) நல்ல தீனிதான். அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் எடையை நேரடியாக ஒப்பிட வேண்டாம். டீ வடிகட்டியில் போட்டுக் கழுவினால் தூளாக மிதக்கும் குப்பை போய்விடும். பாஸ்பேட் பெரிதாகக் குறைந்துவிடாது, ஏனென்றால் அதன் பெரும்பங்கு இறால் சதைக்குள்தான் இருக்கிறது.

வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதுமா?

உங்கள் தொட்டியில் நைட்ரேட் வாரத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. வாரம் 5 பிபிஎம் ஏறுகிறது, நீங்கள் 10 சதவீதம் மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். முதலில் எண்கள் ஏறிக்கொண்டே போகும், பிறகு 50-ல் போய் நின்றுவிடும். அந்த நிலையில் 10 சதவீதம் எடுத்தால் 5 போகிறது, அடுத்த வாரம் 5 வருகிறது. 20 சதவீதம் மாற்றினால் 25-ல் நிற்கும். வாரா வாரம் ஏறும் அளவை, மாற்றும் பங்கால் வகுத்தால் போய் நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 10 சதவீத மாற்றத்திலேயே 10 பிபிஎம்மில் நிறுத்த வேண்டுமானால், வாரத்துக்கு 1 பிபிஎம்தான் ஏற வேண்டும். தீனியைப் பாதியாக்குவதும் மாற்றும் தண்ணீரை இரட்டிப்பாக்குவதும் ஒரே பலனைத் தரும். முன்னது இலவசம்.

செய்யும் முறையிலும் கொஞ்சம் பேச இருக்கிறது. மேலாகத் தண்ணீரை மொண்டு ஊற்றினால் கணக்குக்கு மாற்றம், ஆனால் மணலில் தங்கிய கசடு அப்படியே இருக்கும். அரை மணி நேரம் முன்பு ஒரு பெரிய சிரிஞ்சாலோ சமையலறை பேஸ்டராலோ பாறை இடுக்குகளில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். பழுப்பாகப் புகை மாதிரி கிளம்பும். அது பவர்ஹெட் ஓட்டத்தில் மிதந்துகொண்டிருக்கும்போதே ட்யூபால் உறிஞ்சி எடுங்கள். ஸ்கிம்மர் கோப்பையில் போக வேண்டியது பக்கெட்டில் போகிறது, அவ்வளவுதான். புதுத் தண்ணீர் ஆர்.ஓ., டி.ஐ. (மிச்ச அயனிகளை நீக்கும் வடிகட்டி) இரண்டும் தாண்டிய தண்ணீராக, 1.025 அடர்த்தியில், தொட்டியின் வெப்பநிலையில் இருக்க வேண்டும்.

ஸ்கிம்மர் இல்லாவிட்டால் செலவு மிச்சம்தானே?

முதல் செலவு மிச்சம். பிறகு அது உப்பாக வசூலாகும். 200 லிட்டருக்கான உப்பு டப்பா, வாரம் 20 லிட்டர் மாற்றினால் 10 வாரத்தில் முடிந்துவிடும். இதனால்தான் பெரிய தொட்டிக்கு இந்த வழி சரிப்படாது: 500 லிட்டரில் வாரம் 100 லிட்டர் கலந்து சுமக்க யாருக்குப் பொழுது இருக்கிறது?

மேலே எண்ணெய் மாதிரிப் படலம் நிற்கிறது. என்ன செய்வது?

ஸ்கிம்மர் எடுத்திருக்க வேண்டிய கரிமப் பொருள்தான் அது. காற்றுப் பரிமாற்றத்தையும் வெளிச்சத்தையும் தடுக்கும். உடனடி வைத்தியம்: பம்பை நிறுத்திவிட்டு, மணமோ சாயமோ இல்லாத டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர்மேல் விரித்து, ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக உருவி எடுங்கள். படலம் பேப்பரோடு வந்துவிடும். நிரந்தரத் தீர்வுக்கு மேற்பரப்பிலிருந்து வழிந்து ஓடும் ஓவர்ஃப்ளோ வேண்டும். அது இல்லாத தொட்டியில் ஒரு பவர்ஹெட்டை மேல்நோக்கிச் சாய்த்து, தண்ணீர் நெளிநெளியாக அசையும்படி வையுங்கள். கண்ணாடி மூடியால் முழுக்க மூடுவதற்குப் பதில் வலை மூடி போடுங்கள். மீன் குதிக்காது, காற்றும் போகும்.

கீட்டோ பாசி வளர்க்கும் ரெஃப்யூஜியம் (தொட்டியோடு இணைந்த தனி அறை) கட்டாயமா?

கட்டாயமில்லை. இருந்தால் நல்லது. கீட்டோமார்ஃபா, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடம்பாக மாற்றிக்கொள்ளும்; நீங்கள் ஒரு கைப்பிடி பிய்த்து வெளியே போட்டால் அவை வெளியேறிவிட்டன. பிய்க்காமல் அழகுக்கு விட்டுவைத்தால் நடுவில் இருப்பது அழுகி எல்லாம் திரும்ப வரும். தொட்டி விளக்கு அணையும் நேரத்தில் ரெஃப்யூஜியம் விளக்கு எரியட்டும். இரவில் பி.எச். சரிவது குறையும், ஆக்சிஜனும் கொஞ்சம் கிடைக்கும். காலெர்ப்பா என்ற பாசி வேண்டாம். அது திடீரென்று ஒரே இரவில் பாலணுக்களை வெளிவிட்டு உருகி, தண்ணீரைப் பாலாக்கிவிடும்.

இந்த எண்ணத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி. கண்ணித் தகட்டில் பாசி வளர்த்துச் சுரண்டி எடுக்கும் 'ஆல்கல் டர்ஃப் ஸ்க்ரப்பர்' அவருடையது. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் 1987-ல் திறந்த, 25 லட்சம் லிட்டர் பவளத் தொட்டியே ஆரம்பத்தில் அந்த முறையில்தான் ஓடியது.

அடியில் ஆழமாக மணல் போட்டால் நைட்ரேட் போய்விடும் என்கிறார்களே?

போகும். ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் வாழும் பாக்டீரியா, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். பிரான்சின் ழான் ஜோபேர் 1980-களின் இறுதியில் மொனாக்கோவில் மணலுக்கடியில் ஒரு வெற்றுநீர் அறை விட்டு, ஸ்கிம்மர் இல்லாமலே பவளம் வளர்த்தார். ஆனால் 10 சென்டிமீட்டர் மணல் 40 சென்டிமீட்டர் உயரத் தொட்டியில் கால்வாசியைத் தின்றுவிடும். பாஸ்பேட்டுக்கு வாயு வடிவம் கிடையாது, அது எங்கும் போகாது. சின்னத் தொட்டிக்கு 3 சென்டிமீட்டர் மணலும் நுண்துளைகள் நிறைந்த பாறையும் போதும் என்பதே என் கட்சி.

தண்ணீர் மஞ்சளடிக்கிறது, கெட்டுவிட்டதா?

வெள்ளைப் பக்கெட்டில் தொட்டித் தண்ணீரையும் புதுத் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். எளிதில் சிதையாத கரிமச் சாயம் அது. நல்ல ஆக்டிவேட்டட் கார்பன் 100 லிட்டருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி, பையில் கட்டி நீரோட்டத்தில் வைத்து, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். லெதர் கோரல் என்ற மென்பவளம் வெளிவிடும் விஷப் பொருட்களையும் அது பிடித்துவைக்கும். நாள்பட்ட மஞ்சள் என்றால் பாதி அளவில் தொடங்குங்கள். தண்ணீர் திடீரென்று தெளிந்தால் வெளிச்சம் ஒரே நாளில் கூடி, பவளம் வெளுத்துவிடும்.

வோட்கா, வினிகர் ஊற்றினால் நைட்ரேட் குறையுமாமே?

ஸ்கிம்மர் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். அந்தக் கார்பனைத் தின்று பாக்டீரியா பெருகும், நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடம்பில் ஏற்றிக்கொள்ளும். பெருகிய பாக்டீரியாவை வெளியே எடுப்பதற்கே ஸ்கிம்மர் தேவை. இல்லையென்றால் அது உள்ளேயே கிடந்து ஆக்சிஜனைக் குடிக்கும்.

நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம் காட்டுகின்றன. நல்லதுதானே?

இல்லை. பவளத்துக்கும் சாப்பாடு வேண்டும். இரண்டும் பூஜ்யத்தில் நிற்கும் தொட்டியில்தான் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பழுப்புக் கோழை, குமிழி குமிழியாக மணல்மேல் படரும். நைட்ரேட் 2 முதல் 10 வரையிலும் பாஸ்பேட் 0.03-க்குக் கீழே போகாமலும் இருக்கட்டும்.

என்ன மீன், என்ன பவளம்?

கோமாளி மீன் ஜோடி ஒன்று, கோபி ஒன்று. இடமிருந்தால் ஒரு ஃபயர்ஃபிஷ். கோமாளி மீனைப் பண்ணையில் பெருக்கும் முறையை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் உருவாக்கிப் பலருக்குக் கற்றுத் தந்திருக்கிறது. பண்ணைக் குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள், தீனியும் சீக்கிரம் பழகும். சர்ஜன் மீனுக்கு இந்தத் தொட்டி போதாது. ஆந்தியாஸ் அழகுதான், ஆனால் ஒரு நாளில் பலமுறை தீனி கேட்கும். மேலே போட்ட கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

பவளத்தில் மஷ்ரூம், ஜோவாந்திட், லெதர், ஸீனியா ஆகியவை கொஞ்சம் கழிவுள்ள தண்ணீரில் இன்னும் செழிப்பாகவே இருக்கும். ஸீனியாவைத் தனிப் பாறையில் வையுங்கள், பரவினால் நிறுத்த முடியாது. ஜோவாந்திட்டை வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். அந்தப் பாறையைச் சுரண்டவோ வெந்நீரில் போடவோ கூடாது. சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது, ஆவியாக மூக்கில் ஏறினாலே ஆஸ்பத்திரிதான்.

ராமேஸ்வரம் பக்கம் உயிர்ப்பாறை கிடைக்கும் என்கிறார்கள். மெரினாவில் தண்ணீர் எடுக்கலாமா?

பாறையைத் தொடாதீர்கள். கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறியும்கூட, 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. மணலைச் சுத்தம் செய்யும் என்று யாராவது கடலட்டையை நீட்டினாலும் வாங்காதீர்கள். இந்தியாவில் இருப்பவர்கள் சாஃப்ட் கோரலோடு (கல் கூடு இல்லாத மென்பவளம்) நிற்பது சட்டப்படியும் நிம்மதி, ஸ்கிம்மர் இல்லாத தொட்டிக்கும் தோது. உலர்ந்த செராமிக் பாறையும் பாட்டில் பாக்டீரியாவும் வைத்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும் வரை காத்திருந்தால் போதும்.

கரையோரத் தண்ணீரில் கூவம், அடையாறு எல்லாம் கலந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பும் குறைந்துவிடும்.

கரண்ட் போனால்?

பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். இன்வர்ட்டர் இருந்தால் விளக்கை விட்டுவிட்டு ஒரே ஒரு பவர்ஹெட்டை மட்டும் அதில் இணையுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் தீனி போடவே கூடாது.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிம்மரை நிறுத்திப் பார்க்கலாமா?

ஒரே நாளில் வேண்டாம். முதலில் தீனியைக் குறைத்து இரண்டு வாரம் பாருங்கள். அப்புறம் பகலில் மட்டும் நிறுத்துங்கள், இரவில் ஓடட்டும். நைட்ரேட், பாஸ்பேட் எண்களை வாராவாரம் எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் பெரிய ஏற்றம் இல்லை, காலையில் மீன் மூச்சுத் திணறவில்லை என்றால் இரவிலும் நிறுத்தலாம். மீன் எண்ணிக்கை கூடிவிட்ட தொட்டியிலும், அக்ரோபோரா என்ற கிளைவிடும் கல் பவளம் வளர்க்கும் தொட்டியிலும் இந்தப் பரிசோதனை தேவையில்லை, ஓடுவது ஓடட்டும்.

நிறுத்திய ஸ்கிம்மரை விற்றுவிட வேண்டாம். வினிகர் கலந்த தண்ணீரில் பம்பைக் கழுவிக் காயவைத்துப் பரணில் போட்டு வையுங்கள். ஊருக்குப் போயிருக்கும்போது யாராவது தீனி டப்பாவையே கவிழ்த்துவிட்டார்கள் என்றால், திரும்பி வந்த அன்றே அது தேவைப்படும்.